ஆறு லட்சத்துக்குக் கீழே

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. அதனால்தான் கடைசியில் வரும் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபமாக இருக்காது.

எட்டு நகரங்களின் அணிகள் ஆடும் பெண்கள் வாலிபால் லீக் ஒன்று இருந்தது. ஆரம்ப வருடங்களில் ஒரு வீராங்கனைக்கு என்ன சம்பளம் என்பது அணி மேலாளர் வைத்ததுதான். "பக்கத்து ஊர்க்காரி ரெண்டு லட்சத்துக்கு வர்றா, நீ மூணு கேக்குறியே" என்பார்கள். பக்கத்து ஊர்க்காரியிடமும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். பொறுத்துப் பார்த்த பெண்கள் சங்கம் அமைத்தார்கள். ஒரு சீசன் முழுக்க ஆட மறுத்தார்கள். கடைசியில் அணிகள் இறங்கி வந்தன. ஐந்து சீசன் ஆடிய எவரோடும் ஒரு சீசனுக்கு ஆறு லட்சத்துக்குக் குறைவாக ஒப்பந்தம் போடக் கூடாது என்று விதி வந்தது.

அந்தப் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவள் தூத்துக்குடி ஜெபசீலி. அடிப்பவளுக்குப் பந்தை எழுப்பிக் கொடுக்கும் செட்டர்; அவளைப் போல இன்னொருத்தி லீக்கில் இல்லை. ஆட்டம் இல்லாத அந்த வருடத்தில் ஜவுளிக் கடையில் சேலை மடித்து வீட்டை ஓட்டினாள்.

நான்கு வருடம் கழித்து, அவளுடைய முப்பத்து நான்காம் வயதில், அந்த விதி அவளுக்கே குறுக்கே வந்து நின்றது.

தூத்துக்குடி அணியை நடத்தியவர் உப்பள முதலாளி கிருபாகரன். அந்த வருடம் காலம் தப்பிப் பெய்த மழையில் பாத்திகளில் இருந்த உப்பு கரைந்து போயிருந்தது. "நாலுதாம்மா என்னால முடியும். பொய் சொல்லல" என்றார். அது உண்மை. கோயம்புத்தூர் அணி ஆறு தரக் காத்திருந்தது. ஆனால் ஜெபசீலியால் ஊரை விட்டு நகர முடியாது. மகள் பெனிட்டாவுக்குப் பன்னிரண்டு வயது. அடிக்கடி வலிப்பு வரும். மூன்று பள்ளிகள் மாறி, நான்காவதில்தான் பதறாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் ஆசிரியை கிடைத்திருந்தார். கணவன் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போனால் திரும்பப் பத்து நாள் ஆகும்.

தனக்கு மட்டும் விலக்கு கேட்டுச் சங்கத்துக்கு எழுதினாள்.

சங்கச் செயலாளர் தமயந்தி சேலத்துக்காரி, போராட்டத்தை நடத்தியவள். கடிதத்தைப் படித்ததும் பஸ் ஏறி நேரே ஜெபசீலியின் வீட்டுக்கு வந்தாள். அன்று மதியம் பெனிட்டாவுக்கு வலிப்பு வந்தது. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலிப்பு அடங்கும்வரை ஜெபசீலியோடு தமயந்தியும் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என் கை, என் ஆட்டம். என்ன சம்பளத்துக்கு ஆடணும்னு நான் சொல்லக் கூடாதாக்கா?" என்று கேட்டாள் ஜெபசீலி.

"சொல்லலாம் கண்ணு. நீ சொல்ற சம்பளம் உன்னோட நின்னுச்சுன்னா நானே கையெழுத்துப் போடுவேன்."

நிற்கவில்லை. மதுரை அணியில் முத்துப்பேச்சி என்று ஒரு செட்டர். ஜெபசீலி அளவுக்குத் திறமை கிடையாது. விதி இருந்ததால்தான் ஆறு லட்சம் வாங்கினாள். அதை நம்பி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். கூரை மட்டும் பாக்கி. செய்தி கசிந்த அதே வாரம் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். "ஜெபசீலியே நாலுக்கு ஆடப் போறாளாம். உனக்கு ஆறா?"

இதற்கிடையில் கிருபாகரன் ஒரு குறுக்கு வழி சொன்னார். "பேப்பர்ல ஆறுன்னு போட்டுக்குவோம். ரெண்டைத் திருப்பிக் குடுத்துரு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா" என்று எழுந்து வந்துவிட்டாள் ஜெபசீலி.

திருச்சியில் சங்கக் குழு கூடியது. ஆறு உறுப்பினர்கள், ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தால் செயலாளர் முடிவு செய்ய வேண்டும். முத்துப்பேச்சியும் உறுப்பினர்தான். அவள் எதிர்ப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் விலக்குக்கு ஆதரவாகக் கை தூக்கினாள்.

"மேனேஜர் கேட்ட அன்னிக்கு எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. ஆனா அந்தப் புள்ளைய விட்டுட்டுப் போன்னு அவகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. என் சம்பளம் குறைஞ்சா குறையட்டும்."

மூன்றுக்கு மூன்று. முடிவு தமயந்தி கைக்கு வந்தது. விலக்கு கிடையாது என்றாள்.

அந்தச் சீசனில் ஜெபசீலி எந்த அணியிலும் ஆடவில்லை. சங்கத்தை விட்டு விலகவும் இல்லை. தூத்துக்குடி கடைசி இடத்தில் முடித்தது. மதுரையில் முத்துப்பேச்சிக்கு ஆறு லட்சம் குறையாமல் கிடைத்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஏமாற்ற மனமில்லாமல் ஆட்டத்தையே விட்ட ஜெபசீலி, குழந்தையின் நிலையைக் கண்ணால் பார்த்தும் மறுத்த தமயந்தி, தன் வருமானம் போனாலும் பரவாயில்லை என்ற முத்துப்பேச்சி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: முத்துப்பேச்சி என்று சொல்லத்தான் மனம் போகும். ஆனால் அவள் விட்டுக்கொடுக்கத் துணிந்தது தன் பணத்தை மட்டும் அல்ல. அந்த அறையில் இல்லாத அறுபது பெண்களின் சம்பளமும் அதோடு சேர்ந்து இறங்கியிருக்கும். அதைக் கொடுக்க அவளுக்கு உரிமை இல்லை. ஜெபசீலி கேட்டதில் தப்பில்லை, பொய்க் கையெழுத்துப் போடாததும் பெரிய விஷயம். ஆனாலும் ஆட்டத்தை விட்ட அவள் முடிவு அவளுக்கு மட்டுமானது. மற்றவர்களுக்கும் சேர்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தவள் தமயந்தி. அவள் ஓட்டு சரி. ஆனால் பாதி சரி. எல்லோருக்காகவும் ஒருத்தியின் உரிமையைப் பிடித்து வைத்தால், அவள் இழப்பையும் எல்லோரும் சேர்ந்து சுமக்க வேண்டும். அன்று அதை யாரும் பேசவில்லை. மறுவருடம் தமயந்தியே பேசினாள்: ஊரை விட்டுப் போக முடியாதவருக்கு, அணியால் உண்மையிலேயே முடியாதென்று தெரிந்தால், குறையும் தொகையைச் சங்கத்தின் பொது நிதி தரும். ஆறு உறுப்பினர்களும் கை தூக்கினார்கள். ஜெபசீலி திரும்பி வந்து இன்னும் இரண்டு சீசன் ஆடினாள். தமயந்தியிடம் பேச மட்டும் அவளுக்கு மேலும் ஒரு வருடம் பிடித்தது.