தாராளமா போதும்

வேலூரில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்தைந்து. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கடை. வீட்டில் கேம் ஆடுகிறவர்களுக்கு, பாகம் பாகமாக வாங்கி, அவர்கள் கேட்கிற மாதிரி மெஷின் கட்டிக் கொடுப்பதுதான் தொழில்.

அவருக்கு ஒரு சீடர், பூவண்ணன். மாஸ்டரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். செல்போன் கடையில் சேல்ஸ்மேனாக இருந்துவிட்டு, இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர். பேச ஆரம்பித்தால் சுவரில் இருக்கிற பல்லிக்குக்கூட டெம்பர்டு கிளாஸ் ஒட்டி அனுப்பிவிடுவார். வேலையையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

வந்த நாளிலிருந்து பூவண்ணன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரு மெஷினுக்கு எவ்வளவு பவர் இருந்தா போதும்? எவ்வளவு காத்து இருந்தா போதும்?"

"கணக்குதான் நெட்லயே இருக்கே."

"அதைப் பார்த்துட்டேன். நான் அதைக் கேக்கலை. ஒருத்தர் வந்து எதிர்ல உக்கார்றாங்க. இவங்களுக்கு இது போதும்னு எப்படி முடிவு பண்றது?"

"அப்புறம் சொல்றேன்."

அந்த அப்புறம் வரவே இல்லை. பூவண்ணனுக்கு அதில் கொஞ்சம் கடுப்பு உண்டு.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருந்தால் ஏதாவது வேலை சொல்வார்கள் என்று நான் கடைக்கு வந்துவிட்டேன். பக்கத்துக் கடையும் திறந்திருந்தது. மதியம் யுவஸ்ரீ படியேறி வந்தாள். போன மாதம்தான் இங்கே மெஷின் வாங்கிய பெண். அந்த மெஷினைப் போர்வையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். கவுண்டரில் வைத்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"இதை நீங்களே வெச்சுக்குங்கண்ணா."

"என்னம்மா ஆச்சு?" என்றார் பூவண்ணன்.

"என்ன ஆகணும்? நேத்து மேட்ச். நாங்க அஞ்சு பேரு. ஜெயிக்கிற நேரத்துல இது படக்குன்னு அணைஞ்சுபோச்சு. திரும்ப ஆன் ஆகறதுக்குள்ள மிச்ச நாலு பேரும் அடிவாங்கி முடிஞ்சுது. இன்னிக்குச் சாயந்திரம் இன்னொரு மேட்ச். இதுலயும் தோத்தா வெளிய. ஒரு வருஷமா சேர்ந்து ஆடறோம் அண்ணா. இப்ப நாலு பேரும் என்கிட்ட பேசறதே இல்லை."

"உங்க ஏரியா வோல்டேஜ்..."

"அதைச் சொல்லாதீங்க. முதல் தடவை போன் பண்ணப்ப வோல்டேஜ்னீங்க. அப்புறம் கிராபிக்ஸைக் கொறைச்சு ஆடுன்னீங்க. நேத்து, ஏ.சி. போட்டுக்கோன்னீங்க. எங்க வீடு மொட்டை மாடியில ஷீட் போட்ட வீடு. வாங்கறப்பவே சொன்னேன். ஏ.சி.க்கு நான் எங்க போறது?"

உள்ளே வேலையாக இருந்த ஜெசிந்தா எழுந்து வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் துணியால் துடைப்பார். அப்போது துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஊர்ல இல்லாத வாரம் கட்டினதா?" என்றார்.

"ஆமா மாஸ்டர். ஆனா இது என்ன அநியாயம்னு நீங்களே கேளுங்க. லைட் வேணும், லைட் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னது யாரு? ஆறு ஃபேன், ஆறுலயும் கலர் லைட்டு. பெரிய கிராபிக்ஸ் கார்டு. எல்லாம் அவங்க பட்ஜெட்ல வரணும். எதுலயாவது கொறைச்சாத்தானே வரும்? பவர் சப்ளையில கொறைச்சேன். கேட்டதைத்தானே கொடுத்தேன்? இப்ப நான் குத்தவாளி."

"லைட் கேட்டது நான்தான், இல்லைங்கல," என்றாள் யுவஸ்ரீ. "அது வரணும்னா இதைக் கொறைக்கணும்னு நீங்க சொன்னீங்களா? அண்ணா, இந்த பவர் சப்ளை போதுமான்னு நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்டே."

"என்ன சொன்னீங்க?"

பூவண்ணன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

"தாராளமா போதும்னு சொன்னீங்க," என்றாள்.

ஜெசிந்தா மெஷினின் பக்கக் கண்ணாடியைக் கழற்றினார். பவர் சப்ளையை வெளியே எடுத்தார். மெஷினில் இருக்கிற எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. ஒற்றைக் கையில் தூக்கினார். காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 750 வாட்ஸ் என்று ஸ்டிக்கர்.

எனக்கு அந்த ஸ்டிக்கரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஸ்டிக்கர்தானே? இரண்டாயிரம் வாட்ஸ் என்று கேட்டால் நானே கலரில் அடித்துத் தருவேன். உள்ளே தாமிரம் இல்லை, கனம் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா இருக்கும்போது நன்றாகத்தான் ஓடும். சண்டைக் காட்சியில், கேமின் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு திடீரென்று கூடுதலாகக் கரண்ட் இழுக்கிற நேரத்தில் கையை விரித்துவிடும். இதைச் செய்கிறவனும் மனுஷன்தான், விற்கிறவனும் மனுஷன்தான்.

"ஒரு துண்டுப் பேப்பர் கொடுங்க," என்று மாஸ்டர் தடுப்புக்கு மேலாக என்னிடம் கேட்டார். கிழித்துக் கொடுத்தேன்.

பெட்டியைத் திரும்ப மாட்டி, மெஷினை ஆன் செய்து, துண்டுப் பேப்பரை ஒவ்வொரு ஃபேனுக்கும் வெளியே பிடித்துக் காட்டினார். ஆறு இடத்திலும் பேப்பர் வெளிப்பக்கமாகவே பறந்தது. ஓர் இடத்தில்கூட உள்ளே இழுக்கவில்லை.

"ஆறும் வெளிய தள்ளுது," என்றார் ஜெசிந்தா. "உள்ள காத்து எது வழியா வரும்?"

"கண்ணாடி வழியா பார்க்கறப்ப ஃபேனோட லைட் முகம் தெரியணும்ல மாஸ்டர். திருப்பிப் போட்டா பின்பக்கம் தெரியும். கம்பியும் கூடும் தெரிஞ்சு அசிங்கமா இருக்கும். கஸ்டமர் மூஞ்சி சுளிப்பாங்க."

"எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"கட்டின அன்னைக்கே. இங்கதான்."

"ஏ.சி.யில."

"ஆமா."

"மெஷினை மூடியா, திறந்தா?"

"திறந்துதான் இருந்துச்சு. எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?"

ஜெசிந்தா யுவஸ்ரீயிடம் திரும்பினார். "தப்பு எங்க கடையோடது யுவா. சாயந்திரம் வேற மெஷின்ல ஆட முடியுமா?"

"முடியாதுக்கா. மேட்சுக்கு இந்த மெஷினைத்தான் பதிவு பண்ணியிருக்கு."

"கடையோடது" என்று சொன்னது பூவண்ணனுக்குப் பிடிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"ஸ்டாக்ல நல்ல சப்ளை இருக்கா?" என்று ஜெசிந்தா கேட்டார்.

"இல்லை. செவ்வாய்க்கிழமைதான் வரும். இன்னிக்கு எவன் கடையும் திறந்திருக்காது."

மாஸ்டர் கடையைச் சுற்றிப் பார்த்தார். ஓரமாக மேஜையில் ஒரு மெஷின் கட்டி முடித்துத் தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்றார்.

"இதைத் திறந்து காட்டுங்க."

பூவண்ணன் திறந்தார். திறக்கும்போதே அவர் முகம் மாறியது. நன்றாகச் செய்த வேலையைக் காட்டும்போது யாருக்கும் வருகிற மலர்ச்சிதான்.

"இதுல ஃபேன் பின்பக்கமெல்லாம் தெரியுதே. அழகா இல்லையே," என்றார் ஜெசிந்தா.

"அழகு பார்த்தா ஆகுமா மாஸ்டர்? முன்னாடி உள்ள இழுக்கணும், பின்னாடியும் மேலயும் வெளிய தள்ளணும். அப்பத்தான் ஓட்டம் இருக்கும்."

"கார்டு?"

"சின்னதுதான். இந்தப் பொண்ணோடதுல பாதிகூட இழுக்காது."

"பவர் சப்ளை?"

"கனமான ஐட்டம். தூக்கிப் பாருங்க. பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை. மூடி வெச்சு ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டேன்."

"யாரோடதுண்ணா இது?" என்று யுவஸ்ரீ கேட்டாள்.

"என் பொண்ணு கயல்மொழிக்கு. இன்னிக்கு எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

"உங்க வீடும் ஷீட் வீடாண்ணா?"

"இல்லைம்மா. கான்க்ரீட்தான். அவ ரூம்ல ஏ.சி. இருக்கு."

யுவஸ்ரீ அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் அழவில்லை. அழுகிற முகம் இல்லை அது, அடிக்கிற முகம்.

"அப்படிப் பார்க்காதேம்மா," என்றார் பூவண்ணன். "அது வேற, இது வேற. வீட்டுக்குன்னா எவனும் ஒண்ணுக்கு ரெண்டா பார்த்துத்தான் செய்வான். இதுல என்ன தப்பு?"

இந்த மனிதனை என்ன செய்யலாம் என்று எனக்குக் கை பரபரத்தது. நடுவில் தடுப்பு இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஜெசிந்தா துடைத்த ஸ்க்ரூடிரைவரைக் கயல்மொழியின் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, யுவஸ்ரீக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

ஸ்க்ரூடிரைவர் அங்கேயே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. பூவண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். கடைசியில் உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு முணுமுணுப்பு. என் பொண்ணு என்ன பாவம் பண்ணா. கேட்டதைக் கொடுத்தவன் கெட்டவன். நல்லா இருக்கு நியாயம்.

ஆனால் கை அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கனமான பெட்டி யுவஸ்ரீயின் மெஷினுக்குள் போனது. முன்பக்க ஃபேன்களைத் திருப்பிப் போட்டார். லைட் முகம் முன்னால் போய், கம்பியும் கூடும் உள்ளே தெரிந்தன. அதை யுவஸ்ரீ அசிங்கம் என்று சொல்லவில்லை.

பிறகு மாஸ்டர் மெஷினை மூடி, வெளி வராண்டாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். வெயில் அடிக்கிற இடத்தில் என் ஸ்டூலைப் போட்டு அதில் வைத்தார். கேமை ஓடவிட்டார். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள். நிழலுக்குப் போக மாஸ்டர் விடவில்லை.

"பின்னாடி கையை வை," என்றார் யுவஸ்ரீயிடம்.

"சூடா வருதுக்கா."

"வரட்டும். உள்ள இருக்கறது வெளிய வருது. முன்னாடி பேப்பரைப் பிடி."

பேப்பர் போய் முன்பக்க வலையில் ஒட்டிக்கொண்டது. அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

வெகுநேரம் ஓடியும் அணையவில்லை. போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். படியில் இறங்கும்போது, "அக்கா, வர்றேன்," என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. பூவண்ணன் அதைக் கவனித்தார்.

சாயந்திரம் ஆயிற்று. மேட்ச் நடக்கிற நேரம். எனக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. பூவண்ணன் மகளுக்குப் போன் பண்ணி, செவ்வாய்க்கிழமைதான் என்றார். அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, போனை வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாஸ்டரின் போனில் மெசேஜ் வந்தது. படித்துவிட்டு மேஜையில் வைத்தார். நானும் அங்கே போய் எட்டிப் பார்த்தேன். யுவஸ்ரீதான். "ஜெயிச்சுட்டோம் அக்கா. அணையவே இல்லை."

பூவண்ணனும் படித்தார். சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் பகல் முழுவதும் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"நல்லது மாஸ்டர். அவங்க ஜெயிச்சாங்க. என் பொண்ணு அழறா. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், வந்த நாள்லேருந்து. எவ்வளவு இருந்தா போதும்னு. நீங்க அதைச் சொல்லிக் கொடுத்திருந்தா இது நடந்திருக்குமா? ஒரு வார்த்தை சொல்லலை. இன்னிக்காவது சொல்லுங்க. இல்லைன்னா நாளையிலேருந்து நான் வரலை."

ஜெசிந்தா எழுந்தார். யுவஸ்ரீ மெஷினிலிருந்து கழற்றிய அந்த லேசான பெட்டி கவுண்டரில் கிடந்தது. அதை எடுத்து வந்து பூவண்ணன் முன்னால் நீட்டினார்.

"பொண்ணு அழ வேணாம். இதைப் போட்டு இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க."

"இதையா?" பூவண்ணன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "இதை எப்படி மாஸ்டர் என் பொண்ணுக்கு? ராத்திரியெல்லாம் ஓடும். குழந்தை பக்கத்துலயே படுத்திருப்பா. எரிஞ்சு கிரிஞ்சு போச்சுன்னா?"

ஜெசிந்தா நீட்டிய கையை எடுக்கவில்லை.

"தாராளமா போதும்," என்றார்.