மயில் காப்பாற்றிய மரப்பாலம்

காட்டாற்றின் குறுக்கே ஒரு பழைய மருத மரம் விழுந்து கிடந்தது. எந்தக் காலத்திலோ யானை ராஜா ஒருவர் அதன்மேல் நடந்து போனாராம். அதனால் அதற்கு 'ராஜ பாலம்' என்று பெயர். இப்போது மரம் உளுத்துப்போய்விட்டது. போன வாரம்கூட முயலின் கால் அதன் பொந்தில் சிக்கிச் சுளுக்கிக்கொண்டது.

விலங்குகள் கூடிப் பேசின.

"இதைத் தள்ளிவிட்டு, நடந்து போக மூங்கிலில் புதுப் பாலம் கட்டுவோம்!" என்றது முள்ளம்பன்றி.

மயிலுக்குப் பொறுக்கவில்லை. தோகையை விரித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றது.

"ராஜா நடந்த பாலத்தை இடிப்பதா? நம் காட்டுக்கு இருக்கிற பெருமையே இது ஒன்றுதான்!"

"பெருமை உங்களுக்கு, சுளுக்கு எங்களுக்கா?" என்றது முயல்.

"பார்த்து நடக்க வேண்டும், தம்பி!"

"நீங்கள் கடைசியாக எப்போது இதில் நடந்தீர்கள், அண்ணே?"

மயில் யோசித்துப் பார்த்தது. ஒருநாளும் நடந்ததில்லை. ஆற்றைத்தான் அது பறந்தே கடந்துவிடுமே!

"அது வேறு விஷயம்!" என்று கத்தியது. விடாமல் கத்தியது. காது வலி தாங்காமல் எல்லாம் கலைந்து போயின. மூங்கில் வெட்டப்படவே இல்லை.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் கொட்டும் மழையில் மயில் புற்றோரம் ஈசல் பொறுக்கிக்கொண்டிருந்தது. திடீரென்று புதரிலிருந்து ஒரு செந்நாய் பாய்ந்தது!

மயில் எழும்பப் பார்த்தது. நனைந்த தோகை கல்லாய்க் கனத்தது. விழுந்தடித்து ஓடியது. எதிரே ஆறு! வேறு வழியில்லாமல் ராஜ பாலத்தில் கால் வைத்தது.

சடக்! கால் பொந்துக்குள் இறங்கியது. பின்னாலேயே செந்நாயும் ஏறியது. அவ்வளவுதான், பாலம் இரண்டாய்ப் பிளந்தது. செந்நாயை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மயில் ஒரு மரத்துண்டைப் பற்றிக்கொண்டு, "ஐயோ! யாராவது வாருங்களேன்!" என்று அலறியது.

அலறல் கேட்டு முள்ளம்பன்றியும் முயலும் ஓடி வந்தன. கரையோரம் முறிந்து கிடந்த நீளமான மூங்கில் கழியை நீட்டி மயிலைக் கரைக்கு இழுத்தன. பாதித் தோகை ஆற்றோடு போய்விட்டது.

"ராஜ பாலம் எப்படி இருந்தது, அண்ணே?" என்று கேட்டது முயல்.

"பேச்சை விடு, தம்பி!" என்றது மயில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே. "மூங்கிலை எங்கே வெட்டலாம், அதைச் சொல்!"

தான் நடக்காத பாலத்தைப் பிறர் தலையில் கட்டுகிறவன், அதன் ஓட்டையைத் தன் காலால்தான் தெரிந்துகொள்வான்.