முரசு கொட்டாத விரதம்

ராஜாவுக்குத் தூக்கம் வராவிட்டால் நாட்டுக்கே தூக்கம் போய்விடும் என்றிருந்த முன்னொரு காலத்தில், ஒரு ராஜாவுக்குத் திடீரென்று தவப் பித்து பிடித்தது. விடியுமுன் குளத்தில் குளியல், உப்பில்லாக் கஞ்சி, வெறுந்தரையில் படுக்கை. சபையில் இருந்த எல்லோருக்கும் அதே கதிதான். காலையில் ஒவ்வொருவரும் எழுந்து தம் விரதத்தைச் சொல்ல வேண்டும்; சொன்னதும் முரசு முழங்கும். கொடுமை! பசித்தவன் காதில் முரசு அடித்தால் எப்படி இருக்கும்? ராஜாவோ ஓரிடத்தில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தார். சபையும் கொட்டாவி விட்டபடி அவர் பின்னால் நடந்தது.

பிரதானி நரசப்பருக்குத்தான் முரசு அதிகம். நேற்று மோரை விட்டார், இன்று தலையணையை விட்டார். விகடகவி முத்தாண்டிக்கு மட்டும் ஒருநாளும் முரசு முழங்கவில்லை. நரசப்பர் விடுவாரா?

“மகாராஜா, எந்த விரதமும் இல்லாத இவன் நம் நாட்டில் இருக்கலாமா?”

“முத்தாண்டி, நாளைக் காலை உன் விரதத்தைச் சபையில் சொல். இல்லையேல் குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போ” என்றார் ராஜா. வீட்டில் அவன் மனைவி அழுதுகொண்டே பாத்திரங்களை மூட்டை கட்டினாள்.

மறுநாள் முத்தாண்டி கைகட்டி நின்றான். “மகாராஜா, நான் விரதம் இருப்பதை யாருக்கும் சொல்வதில்லை. அதுதான் என் விரதம். தங்கள் கட்டளையால் இன்று அதுவும் கெட்டது.”

“ஏமாற்று வேலை! இதைச் சின்னப் பிள்ளைகூடச் செய்யும்” என்று குதித்தார் நரசப்பர்.

“அப்படியானால் பிரதானி ஒரு நாள் செய்து காட்டட்டும். நாளை முரசு வேண்டாம். யாரும் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். விரதம் மட்டும் நடக்கட்டும்.”

ராஜா நடையை நிறுத்தினார். “நானும் இருந்து பார்க்கிறேன்” என்றார்.

அடுத்த நாள் சபை கூடுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. நரசப்பரின் கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம், மீசையில் மோர். ராஜா சிம்மாசனத்தில் நிம்மதியாகச் சாய்ந்திருந்தார்.

“முத்தாண்டி, விடியற்காலையில் குளம்வரை போனேன். கால் விரலை நனைத்தேன். சுற்றிப் பார்த்தால் ஒரு காவலன்கூட இல்லை. யாருக்காக நடுங்குவது என்று தோன்றியது. திரும்பிப் போய் மெத்தையில் விழுந்தேன். எத்தனை நாளைக்குப் பிறகு தூக்கம், தெரியுமா!” என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

தம் பட்டுச் சால்வையை அவனுக்குப் போர்த்திவிட்டு, சபைக்கெல்லாம் நெய்ப்பொங்கல் பரிமாறச் சொன்னார். முதல் இலையில் உட்கார்ந்தவர் நரசப்பர்தான். முத்தாண்டி மட்டும் இலையைத் தொடவில்லை.

“ஏன் சாப்பிடவில்லை?” என்றார் ராஜா.

“பசியில்லை மகாராஜா.”

ராஜா அவன் ஒட்டிய வயிற்றைப் பார்த்தார். மேலே எதுவும் கேட்கவில்லை.