யுவஸ்ரீக்குக் குறைந்த ஒரு சென்டிமீட்டர்

“மேடம், ஒரு சென்டிமீட்டர் வளர என்ன வழி?”

கேட்டவள் யுவஸ்ரீ. பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளிக்கூடக் கால்பந்து அணியின் கோல்கீப்பர்.

வறுத்த பட்டாணி தின்றுகொண்டிருந்த கோச் சந்தனமேரி நிமிர்ந்து பார்த்தார். கல்லூரி அணிக்குக் கீப்பர்களைத் தேர்ந்தெடுக்க வந்திருப்பவர் அவர்தான்.

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

கோச் காலடியில் கிடந்த பந்தை எடுத்து அவள் முகத்துக்கு நேராக வீசினார். யுவஸ்ரீ பிடித்துவிட்டாள்.

“போய்த் தூங்கு” என்றார் கோச். மறுபடி பட்டாணிக்குத் திரும்பிவிட்டார்.

அது மூன்று நாள் தேர்வு முகாம். எட்டு மாவட்டத்துப் பள்ளிக்கூடச் சூரப்புலிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் அவளவள் ஊரில் ராணி. இங்கே முதுகில் குத்திய நம்பர், அவ்வளவுதான்.

கீப்பர்கள் மட்டும் ஒன்பது பேர். எடுக்கப்போவது இரண்டு பேரை.

எடுத்தால் மூன்று வருடப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். எடுக்காவிட்டால் பரீட்சை முடிந்த மறுநாளே யுவஸ்ரீ நூல் மில்லுக்குப் போக வேண்டும். மாமா அங்கே சொல்லி வைத்தாயிற்று.

இந்த லட்சணத்தில்தான் முதல் நாள் மதியம், சாம்பார் சாத வரிசையில், அந்தச் சேதி வந்து சேர்ந்தது.

கீப்பர் என்றால் நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர் இருக்க வேண்டுமாம். ஒன்று குறைந்தாலும் மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்களாம். மூன்றாம் நாள் காலையில் உயரம் அளப்பார்களாம்.

யார் சொன்னது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நல்ல சேதி வந்திருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள்.

யுவஸ்ரீ நூற்று அறுபத்து நாலு. சாப்பிட்ட கையோடு கோச்சைத் தேடிப் போனாள்.

“மேடம் என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள் அறைத்தோழி நிரோஷா. பின்வரிசை ஆட்டக்காரி. அவளுக்கு உயரக் கவலை கிடையாது. அதனால் யோசனை சொல்ல நிறைய நேரம் இருந்தது.

“தூங்கச் சொன்னாங்க.”

நிரோஷா எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏய், அதுல விஷயம் இருக்குடி! தூங்கி எழுந்ததும் நாம ஒரு சென்டிமீட்டர் கூட இருப்போமாம். நிக்க நிக்கக் கொறஞ்சிடுமாம். எங்க பி.டி. மிஸ் சொல்லியிருக்காங்க. மேடம் உனக்கு மட்டும் சூசகமா சொல்லியிருக்காங்க.”

யுவஸ்ரீக்குச் சிலிர்த்துப் போய்விட்டது.

அன்று மாலை முழுக்க அவள் படுத்தே இருந்தாள். இரவுச் சாப்பாட்டையும் படுத்தபடியே சாப்பிட்டாள். ரசம் காதுக்குள் போனது. தூக்கம் மட்டும் வரவில்லை. எவ்வளவு வளர்ந்திருப்போம் என்று யோசிப்பவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

மறுநாள் விடிந்ததும் அதற்கு மேலே போனாள். கோல் கம்பத்தின் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். தொங்கினால் முதுகு நீளும் என்பது நிரோஷாவின் அடுத்த யோசனை.

அவளைப் பார்த்து இன்னும் இரண்டு கீப்பர்கள் தொங்கினார்கள். காரணம் கேட்காமலே நாலாவது ஒருத்தியும் வந்து தொங்கினாள். கோல் கம்பத்தில் துணி காயப்போட்ட மாதிரி இருந்தது.

ஒன்பது மணிக்குப் பயிற்சி. ஓரத்திலிருந்து உயரமாக வரும் பந்தை எம்பிப் பிடிக்க வேண்டும். யுவஸ்ரீ தூக்கத்திலும் பிடிக்கிற பந்து.

முதல் பந்து விரலில் பட்டு நழுவியது. இரண்டாவதும் நழுவியது. மூன்றாவது அவள் கைக்கு நடுவே புகுந்து கோலுக்குள் போனது.

கோச் விசிலை ஊதிவிட்டு நடந்து வந்தார்.

“நேத்து என் பந்தைப் பிடிச்ச கை எங்க?”

“இதுதான் மேடம்.”

“இது அது இல்ல. விரி.”

விரித்தாள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

“என்ன பண்ணின?”

“கம்பியில தொங்கினேன்.”

“எதுக்கு?”

“வளர.”

“வளந்தியா?”

“தெரியல மேடம்.”

கோச் அந்தக் கைகளை ஒருமுறை பார்த்தார், கம்பியை ஒருமுறை பார்த்தார்.

“மத்தியானம் மேட்ச். அதுக்குள்ள நேத்து கையைத் தேடி எடுத்துட்டு வா.”

அவ்வளவுதான். போய்விட்டார்.

யுவஸ்ரீ குழாயடிக்குப் போய் வாளித் தண்ணீரில் கைகளை அமிழ்த்திக்கொண்டு நின்றாள். எரிந்தது. அழுகையும் வந்தது. அழுது முடித்தாள்.

“வாடி, மேட்ச் வரைக்கும் படுத்துக்க” என்று நிரோஷா இழுத்தாள். “நின்னா கொறஞ்சிடுவ.”

“கொறஞ்சா கொறயட்டும் போ.”

“என்னடி இப்படிச் சொல்ற?”

“எப்படியும் நாளைக்கு அனுப்பிடுவாங்க. இன்னைக்கு ஒரு மேட்ச் இருக்கில்ல? அதையாவது ஒழுங்கா ஆடிட்டுப் போறேன்.”

சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள். நேற்று மதியத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிருந்தது. கைகளைத் துடைத்துத் துணி சுற்றி, அதன்மேல் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

மேட்ச் தொடங்கிய பத்தாவது நிமிடம் ஒரு பந்து அவள் தலைக்கு மேலே போய்க் கோலானது. எம்பினாள், எட்டவில்லை. கோச் நோட்டில் ஏதோ எழுதினார். யுவஸ்ரீ அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பந்தை எடுத்து நடுவுக்கு உதைத்தாள்.

அதற்கப்புறம் அவள் கோச் பக்கம் திரும்பவே இல்லை. தன் பின்வரிசைக்காரிகளை அதட்டிக்கொண்டே இருந்தாள். “முப்பத்தொண்ணை விடாதே! பின்னால வா, பின்னால வா!” முன்பின் தெரியாத நாலு பேர் அவள் சொன்னபடி நகர்ந்தார்கள்.

கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது முப்பத்தொண்ணாம் நம்பர்காரி தனியாகப் பந்தோடு வந்துவிட்டாள். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். ஓட்டமோ பேய் ஓட்டம்.

யுவஸ்ரீ காத்திருக்கவில்லை. கோலை விட்டு ஓடி வந்து, அவள் காலடியில் விழுந்தாள். புழுதி அடங்கியபோது முப்பத்தொண்ணு ஒரு பக்கம் கிடந்தாள். பந்து யுவஸ்ரீயின் வயிற்றோடு இருந்தது.

கை தீயாய் எரிந்தது. விடவில்லை.

அன்று இரவு அவள் சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கிப்போனாள்.

மூன்றாம் நாள் காலை அலுவலக அறை வாசலிலிருந்து கோச் கூப்பிட்டார்.

“யுவஸ்ரீ, உயரம் அளக்க வா.”

முதல் ஆளாகவே கூப்பிடுகிறார்களே, குட்டைகளை முதலில் கழிக்கிறார்கள் போல என்று எண்ணிக்கொண்டே போனாள்.

அறைக்குள் கண்ணாடி போட்ட ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். பார்த்தால் பெரிய அதிகாரி மாதிரி இருந்தது. யுவஸ்ரீ சுவரை ஒட்டி நின்றாள். எவ்வளவோ அடக்கியும் குதிகால் தானாக எழும்பியது. கோச் தன் காலால் அவள் பாதத்தை மெல்ல அழுத்தினார்.

“நூத்தி அறுபத்து நாலு.”

கண்ணாடிக்காரர் எழுதிக்கொண்டார்.

“தெரியும் மேடம்” என்றாள் யுவஸ்ரீ. “சாயங்காலம் ஆனா அதுலயும் அரை கொறையும். நான் போய்ப் பையை எடுத்துக்கறேன்.”

“எங்க போற?”

“வீட்டுக்கு. நூத்தி அறுபத்தஞ்சு இருக்கணுமே.”

“எதுக்கு?”

“கீப்பரா எடுக்கறதுக்கு.”

“அப்படின்னு யாரு சொன்னா?”

யுவஸ்ரீ யோசித்துப் பார்த்தாள். சாம்பார் சாதத்துக்கு மேலே எந்த முகமும் நினைவுக்கு வரவில்லை.

“சொன்னாங்க... நீங்ககூட அதுக்குத்தானே மேடம் என்னைத் தூங்கச் சொன்னீங்க?”

“ராத்திரி பூரா பஸ்ல வந்திருக்க. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. தூங்குன்னு சொன்னேன்.”

“நூத்தி அறுபத்தஞ்சு கணக்கெல்லாம் இல்லவே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்!”

“நீ கேட்டது வளர வழி.”

யுவஸ்ரீக்கு அழுவதா சண்டை பிடிப்பதா என்று தெரியவில்லை.

“அப்போ உயரம் எதுக்கு அளக்கறீங்க?”

கோச் பட்டாணிப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்.

கண்ணாடிக்காரர்தான் எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு இஞ்ச் டேப்பை உருவினார்.

“கையைத் தூக்கும்மா” என்று இடுப்பைச் சுற்றி அளந்தார். அப்புறம் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு அளந்தார். “பேண்ட் ரெண்டு இஞ்ச் கொறச்சுத் தைச்சா சரியா இருக்கும் மேடம்.”

கோச் தலையசைத்தார்.

தையல்காரர் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

“ஜெர்சி முதுகுல என்ன பேரும்மா போடணும்?”

யுவஸ்ரீக்குத் தன் பெயர் சட்டென்று வரவில்லை. சிரிப்புதான் வந்தது.