இலையும் கல்லும்

ஒரு காட்டில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. அதனால் ஒரு கரடி ராஜாவாகிவிட்டது. அந்தக் காட்டில் எந்த மரம் பழுத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது இருவாச்சிப் பறவையின் வேலை. விடிந்ததும் கிளம்பி, காடு முழுவதும் பறந்து பார்க்கும். மாலையில் வந்து, "ஓடைக்கு அக்கரையில் அத்தி பழுத்திருக்கிறது" என்று சொல்லும். கரடி முதல் அணில் வரை எல்லோர் வயிறும் அதனால்தான் நிறைந்தது.

மந்தி மர உச்சியில் உட்கார்ந்து எங்காவது புகை தெரிகிறதா என்று பார்க்கும். நீர்நாய் ஆற்றில் வெள்ளம் ஏறுகிறதா என்று பார்க்கும். அவரவர் வேலை அவரவர் இடத்தில் நடந்தது. குறை என்று யாரும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில் கரடிக்கு ஒரு பெரிய குகை கிடைத்தது. ஆசை ஆசையாக உள்ளே போய் உட்கார்ந்து உறுமியது. யாரும் நடுங்கவில்லை. நடுங்குவதற்கு அங்கே யாருமே இல்லை.

"மந்திரியாரே, இவ்வளவு பெரிய குகை காலியாகக் கிடக்கலாமா? எல்லோரும் காலை முதல் மாலை வரை இங்கேயே வந்து வேலை செய்யட்டும்" என்றது கரடி.

மந்திரியான நரி சிரித்தது. "அப்படிச் சட்டென்று சொன்னால் முணுமுணுப்பார்கள், ராஜா. முதலில் அவர்கள் விருப்பத்தைக் கேட்போம். பிறகு உங்கள் விருப்பப்படி செய்வோம்."

மறுநாள் நரி அறிவித்தது. "தன் இடத்திலேயே வேலை செய்ய விரும்புகிறவர் ஓர் இலையை வையுங்கள். குகைக்கு வர விரும்புகிறவர் ஒரு கல்லை வையுங்கள். பாதி அங்கே, பாதி இங்கே என்றால் இரண்டையும் வையுங்கள். ராஜா உங்கள் மனதை அறிய விரும்புகிறார்."

குழந்தைகளே, இதைக் கேட்டு இருவாச்சி பூரித்துப்போனது. நம்மையும் ஒருவர் கேட்கிறாரே என்ற சந்தோஷம். அதற்குக் காரணமும் இருந்தது. அப்போது அதன் மனைவி ஒரு மரப்பொந்துக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருந்தது. இருவாச்சிகளின் வழக்கம் அப்படி. பெண் பறவை பொந்துக்குள் போய், அலகு நீட்ட மட்டும் இடம் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். பறக்கும் சிறகுகளையும் உள்ளேயே உதிர்த்துவிடும். ஆண் பறவை பகல் முழுவதும் பழம் கொண்டுவந்து ஊட்டினால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு உயிர்.

'பகலில் பழம் தேடும் வேலையும் ஆகட்டும், வீட்டில் ஊட்டுவதும் ஆகட்டும். மாலையில் குகைக்கு வந்து சேதி சொல்கிறேன்' என்று நினைத்து, இருவாச்சி ஓர் இலையையும் ஒரு சிறு கல்லையும் வைத்தது.

மந்தி இலை வைத்தது. நீர்நாய் இலை வைத்தது. காட்டில் முக்கால்வாசிப் பேர் இலைதான் வைத்தார்கள். முயல் மட்டும் ஒரு கூழாங்கல்லை வைத்தது. "வளை நிறையக் குட்டிகள். எனக்குக் குகைதான் நிம்மதி" என்றது. அதில் தவறொன்றும் இல்லை. தோகையை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று மயிலும் ஒரு கல் வைத்தது. கடைசியில் நரி ஒரு பாறாங்கல்லை உருட்டிக்கொண்டு வந்து வைத்தது.

கரடி இலைகளை எல்லாம் இடக்கையில் அள்ளியது. கற்களை வலக்கையில் தூக்கியது.

"நிறுத்துப் பார்த்துவிட்டேன்" என்றது கரடி. "கல்தான் கனம். எல்லோரும் குகைக்கு வர விரும்புகிறீர்கள். நாளையே வந்துவிடுங்கள்."

"எண்ணித்தானே பார்க்க வேண்டும்?" என்று கேட்டது மந்தி.

"ராஜா எப்படிப் பார்க்க வேண்டும் என்று நீ சொல்லித்தருகிறாயா?" என்றது நரி.

மறுநாள் எல்லோரும் குகையில் உட்கார்ந்தார்கள். மந்தி குகையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீர்நாயின் தோல் காய்ந்து வெடித்தது. கரடி உறுமியபோதெல்லாம் எல்லோரும் நடுங்கினார்கள். கரடிக்குப் பரம திருப்தி.

உச்சிவேளையில் இருவாச்சி எழுந்தது. "மந்திரியாரே, வீட்டில் பசித்திருப்பார்கள். ஊட்டிவிட்டு வந்துவிடுகிறேன்."

"ராஜா உன் கல்லை நிறுத்தார் அல்லவா? உன் வீட்டுப் பசி அதைவிடக் கனமா? உட்கார்" என்றது நரி.

இருவாச்சி உட்கார்ந்தது. அந்த நாளும் உட்கார்ந்தது, அடுத்தடுத்த நாட்களும் உட்கார்ந்தது. விடிவதற்கு முன்னும் இருட்டுகிற நேரத்திலும் கையில் கிடைத்ததைக் கொண்டுபோய் ஊட்டியது. அது போதவில்லை. குஞ்சின் சத்தம் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது.

ஒருநாள் மாலை பொந்தின் இடுக்கில் மனைவியின் அலகு மட்டும் தெரிந்தது.

"நான் உங்களை நம்பி என் சிறகையெல்லாம் உதிர்த்துவிட்டு உள்ளே இருக்கிறேன்" என்றது அது. "அந்தக் கரடி யாரை நம்பி எதை உதிர்த்தது?"

இருவாச்சிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. கேட்டதே ஏமாற்று வேலை என்பது உறைத்தது. நம் விருப்பத்தைக் கேட்கிறார்கள் என்று பூரித்துப்போய்க் கல் வைத்தோமே என்று தன் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை குகையில் கரடி வயிற்றைத் தடவியது. சேர்த்து வைத்த பழமெல்லாம் தீர்ந்திருந்தது.

"எங்கே பழம்? எந்த மரம் பழுத்திருக்கிறது?"

"தெரியாது, ராஜா" என்றது இருவாச்சி.

"தெரியாதா? நாள் முழுவதும் என்ன செய்தாய்?"

"இங்கேதான் இருந்தேன். நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். இந்தக் குகைக்குள் எந்த மரமும் பழுக்கவில்லை."

சொல்லிவிட்டு அது வாசலை நோக்கி நடந்தது.

"வாசலைத் தாண்டினால் உனக்கு இங்கே வேலை இல்லை" என்று கத்தியது நரி.

"இங்கே எனக்கு என்றைக்கு வேலை இருந்தது?" என்று கேட்டுவிட்டு இருவாச்சி பறந்தது.

அதன் பின்னால் மந்தி போனது, நீர்நாய் போனது. கொஞ்ச நேரத்தில் முயலும் நரியும் மயிலும்தான் மிச்சம். தோகையைப் பார்க்க ஆளில்லாததால் மயிலும் எழுந்து போனது.

அன்று பகல் முழுவதும் இருவாச்சி பழம் கொண்டுவந்து ஊட்டியது. மாலைக்குள் குஞ்சு பழையபடி கத்த ஆரம்பித்தது. மந்தி, நீர்நாய், அணில் எல்லோரும் இருவாச்சி சொன்ன மரத்தில் வயிறாரச் சாப்பிட்டார்கள். முயலுக்கும் அணில் ஒரு பங்கு எடுத்துப்போனது.

இரண்டு நாள் பட்டினி கிடந்த கரடி, தட்டுத் தடுமாறிப் பொந்து மரத்தடிக்கு வந்து நின்றது.

"இருவாச்சி, எந்த மரம் பழுத்திருக்கிறது? எனக்கு ரொம்பப் பசிக்கிறது."

"அப்படியா, ராஜா? உங்கள் பசியை நிறுத்துப் பார்க்கிறேன்" என்றது இருவாச்சி. ஓர் இலையைக் கிள்ளிக் கரடியின் தலைமேல் போட்டது.

"இவ்வளவுதான் கனம்" என்று சொல்லிவிட்டு, குஞ்சுக்குப் பழம் எடுக்கப் பறந்துபோனது.

நீதி: மதிக்க மனமில்லாதவன் பிறர் விருப்பத்தைக் கேட்கவே கூடாது, கேட்டுவிட்டு ஏமாற்றுகிறவன், கேட்காதவனைவிடக் கெட்டவன்.