மந்தையன் வாங்கின புதுக்குழல்

ஆத்தங்கரையில ஒரு ஊரு இருந்துச்சு. அந்த ஊர்ல மந்தையன்னு ஒருத்தன் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தான். பொண்டாட்டி பேரு அங்கம்மா. பிள்ளைகுட்டி கிடையாது. நாப்பது செம்மறி ஆடு இருந்துச்சு, அதுகதான் பிள்ளைக. கோடையில ஆறு வத்திக் கிடக்குமா, நடு ஆத்துல ஒரு மேட்டுத் திட்டு, அதுல மட்டும் புல்லு பச்சைப்பசேல்னு நிக்கும். காலையில ஆடுகளை மணல்ல ஓட்டிக்கிட்டுப் போயி அந்தத் திட்டுல விட்டுட்டு வந்துருவான். பொழுது சாயக் கரையில நின்னு குழலை எடுத்து ஊதுவான். அம்புட்டுத்தான், நாப்பதும் தடதடன்னு ஓடியாந்துரும்.

அந்தக் குழலு அவன் அப்பன் காலத்துக் குழலு. வெடிச்சுப்போயி, நூலைச் சுத்தி மெழுகை அப்பி வச்சிருந்தான். ஊதினா 'கீர்ர்'னு ஒரு கரகரப்பு வரும். அங்கம்மா கேலி பண்ணுவா. "ஏன்யா, குழல் ஊதுறியா, இல்ல தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சா?" அவனுக்குச் சுருக்குன்னு இருக்கும்.

ஒரு நாள் சந்தை. காலையில நாப்பதையும் திட்டுல விட்டுட்டு, வீட்டுல தனியாக் கட்டி வளர்த்த ஒரு கிடாயை வித்துக் கஞ்சிக்குக் கம்பு வாங்கணும்னு பிடிச்சுக்கிட்டுப் போனான். போன இடத்துல ஒரு குழல் வியாபாரி கண்ணுல பட்டான். பட்டானே பாவி! "வந்து பாரு, தொட்டுப் பாரு, ஊதிப் பாரு"ன்னு கூப்பிட்டான். மூங்கில் மினுமினுன்னு இருக்கு, ரெண்டு முனையிலயும் பித்தளைப் பூணு, சிவப்புக் குஞ்சம். மந்தையன் பார்த்தான், தொட்டான், ஊதினான். அப்படி ஒரு இனிப்பான சத்தம். இன்னொரு வாட்டி ஊதினான்.

"இதை ஊதினா ஆடு வருமாய்யா?"

"ஆடா? ஆனையே வரும்! அந்தக் கிடாயைக் குடு, எடுத்துக்க. இடுப்புல இருக்கிற பழசையும் குடு."

வியாபாரி பழசை வாங்கினான், கீழ போட்டான், காலால ஒரே மிதி. "பழசு வீட்டுல இருந்தா புதுசு வாய் திறக்காது"ன்னான்.

ஏன் மிதிச்சான் தெரியுமா? சிரிக்காத, இது சிரிக்கிற கதை இல்ல. ஆட்டுக்குப் புதுக்குழல் பழகணும்னா, ஒரு மாசம் பழசையும் புதுசையும் மாத்தி மாத்தி ஊதணும். வியாபாரிக்கு அது நல்லாத் தெரியும். பழசு கையில இருந்தா, இதுக்கு வர்ற ஆடு புதுசுக்கு வரலையேன்னு வாங்கினவன் மறுநாளே கிடாயைத் திருப்பிக் கேட்டு வந்து நிப்பான்ல? அதான் மிதிச்சான், கொள்ளையில போறவன்.

மந்தையன் கம்பும் வாங்கல, ஒண்ணும் வாங்கல. ஓட்டமா வீட்டுக்கு வந்தான். அங்கம்மா வாயைப் பிளந்துட்டா. "இப்பத்தான்யா நீ ஊதுறது குழலு"ன்னா. அவன் கீழத்தெருவுல ஊதினான், மேலத்தெருவுல ஊதினான், கோயில் வாசல்ல ஊதினான், ஊரே கூடிருச்சு. அவன் அவ்வளவு சந்தோஷமா இருந்ததே இல்ல. இருந்துட்டுப் போகட்டும், அந்த ஒரு மத்தியானந்தான் அவனுக்கு.

அப்போ யாரோ கத்துனாங்க, "மேக்க மலையில மழை கொட்டுது, ஆத்துல தண்ணி வருது!"

மந்தையன் விழுந்தடிச்சு ஓடினான். கரையில நின்னு புதுக்குழலை எடுத்து ஊதினான். திட்டுல ஆடுக தலையைத் தூக்கிப் பார்த்துச்சு, திரும்பப் புல்லைக் கடிச்சுச்சு. ரெண்டாந்தரம் ஊதினான். முன்னாடி போற காதறுந்த ஆடு மட்டும் ஒரு எட்டு வச்சு நின்னுருச்சு. மூணாந்தரம் மூச்சு முட்ட ஊதினான். தண்ணி இரைச்சலோட வந்து திட்டைச் சுத்திக்கிச்சு. குரல் குடுத்தான், இரைச்சல்ல கேக்கல. இறங்கினான், இடுப்பளவு தண்ணி அவனைப் புரட்டிக் கரையிலயே போட்டுருச்சு.

ஆடுக எங்க நின்னுச்சு தெரியுமா? எப்பவும் இறங்கி வருமே, அந்த இடத்துல வந்து நின்னுச்சுங்க. கரையையே பார்த்துக்கிட்டு. நம்மாளு இன்னும் கூப்பிடலையேன்னு நின்னுச்சுங்க. நின்னபடியே போச்சு நாப்பதும்.

என்னத்தச் சொல்ல.

அடுத்த சந்தைக்கும் அந்த வியாபாரி வந்தான், இன்னொருத்தன் குழலை மிதிக்கக் காலைத் தூக்கினான். ஊரு அவனைப் பிடிச்சு ராசாகிட்ட கொண்டுபோயி நிறுத்துச்சு.

"குழல்ல குத்தமில்ல ராசா. ஆட்டுக்குத்தான் சங்கீதம் தெரியல"ன்னான் அவன்.

"பழசை ஏன்டா உடைச்ச?"ன்னாரு ராசா. அவன் குனிஞ்சு தன் காலைப் பார்த்தான்.

ராசா சொன்னாரு, "சரி, நல்ல குழலுதானே? நீ அந்தத் திட்டுல போயி நில்லு. தண்ணி வந்தா ஊது. கரையில ஒரு ஓடக்காரனை நிறுத்துறேன், அவனுக்குப் பழகின சத்தமா இருந்தா வந்து கூட்டிக்கிட்டு வருவான்."

தண்ணியும் வந்துச்சு. முழங்கால்ல ஊதினான், இடுப்புல ஊதினான், கழுத்துல ஊதினான். ஓடக்காரன் கரையில குந்தி வெத்தலை போட்டுக்கிட்டு, "யாரோ யாரையோ கூப்பிடுறான்"னான். வியாபாரி ஆத்தோட போனான்.

ராசா மந்தையனுக்கு நாப்பது ஆடு குடுத்தாரு. நல்ல ஆடு, கொழுத்த ஆடு. ஆனா அதுகளுக்கு அவன் யாரோ. ஒண்ணு இங்க ஓடும், ஒண்ணு அங்க ஓடும். அங்கம்மா சொன்னா, "ஒரு குழலைச் செஞ்சு ஊதிப் பழக்கேன்யா. வந்துரும்ல?"

"வேணாம் புள்ள. நான் கூப்பிட்டு, அதுக வராம நின்னு பார்க்கிறதை இன்னொரு வாட்டி என்னால தாங்க முடியாது"ன்னான்.

கடைசி வரைக்கும் அவன் ஊதவே இல்ல. வெயில்லயும் மழையிலயும் ஒவ்வொரு ஆட்டுக்குப் பின்னாடியும் நடந்தான், பொழுது சாயறப்போ ஒவ்வொண்ணையும் கையால பிடிச்சுக் கூட்டியாந்தான். அப்படி நடந்து நடந்தே காலு தேஞ்சு போயிச் சேர்ந்தான்.

புதுசு வாங்குங்க, நான் வேணாங்கல. பழசை உடைச்சாத்தான் தருவேன்னு சொல்றவன்கிட்ட மட்டும் எதையும் வாங்காதீங்க.

அவ்வளவுதான் கதை. 'ம்' கொட்டினவங்க கண்ணை மூடுங்க, கொட்டாதவங்க எந்திரிச்சு விளக்கை அணைங்க.