ஒன்றரை அடி தள்ளி

லாரி ஓட்டி ஓய்ந்த பிறகு பாட்டு கற்க வந்தார் வேம்புலி. சொல்லிக் கொடுத்த பூரணிக்கு அவருடைய மகள் வயது. அவளை டீச்சர் என்றுதான் அழைப்பார்.

அவருக்கு ஒரே ஒரு பாட்டுதான் வேண்டும். அவர் சிறுவனாக இருந்தபோது அப்பா ரேடியோவில் ஆசையாகக் கேட்ட பாட்டு. அப்பா போய், அந்தப் பாட்டின் நினைவும் போய், பிறகு ஒரு கல்யாண வீட்டில் யாரோ அதைப் பாடக் கேட்டு, இலையில் கை வைத்தபடியே அழுதுவிட்டார். அந்த ராகத்துக்கு சஹானா என்று பூரணிதான் பெயர் சொன்னாள்.

ராகம் படிந்துவிட்டது. பாட்டைத் தொடங்கும் இடமான எடுப்புதான் வரவில்லை. தாளம் தொடங்கி ஒன்றரை அடி தள்ளித்தான் அந்தப் பாட்டை எடுக்க வேண்டும். வேம்புலி முதல் தட்டிலேயே பாய்ந்துவிடுவார்.

"பச்சை விழறதுக்கு முன்னாடியே கிளம்பிடறீங்க, ஐயா."

"தொழில் பழக்கம், டீச்சர்."

முதலில் சிரித்தாள். மாதங்கள் போகப் போக, சிரிப்பு நின்றது. ஒரு மத்தியானம் சுருதிப் பெட்டியை மூடி வைத்தாள்.

"எனக்குச் சொல்லித் தரத் தெரியலை. வேற யாரையாவது பாருங்க."

வேம்புலி எழவில்லை.

"அவரோடதுன்னு என்கிட்ட வேற எதுவும் இல்ல டீச்சர். ஒரு போட்டோகூட இல்ல."

பூரணி சுருதிப் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள்.

"அவர் ரேடியோ கேட்கறப்போ நீங்க எங்க இருப்பீங்க?"

"அவர் மடியில. குப்புறப் போட்டுக்குவார். நான் தூங்கினாத்தானே அவர் நிம்மதியா கேட்க முடியும்? முதுகுல தட்டிக்கிட்டே கேட்பார்."

"எப்படித் தட்டுவார்?"

"எல்லா அப்பனும் தட்டற மாதிரிதான். நடுநடுவுல விரலை ஒண்ணொண்ணா வச்சு அழுத்துவார். கூசும்."

பூரணி எழுந்து அவருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கையை மடியில வைங்க ஐயா. எண்ணாதீங்க."

முதுகில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். மறுபடி தட்டு, புறங்கை. தட்டு, புறங்கை. அந்தப் பாட்டின் தாளம் அதுதான்.

முதல் சுற்றில் அவர் முதுகு விறைத்தது. அடுத்த சுற்றில் இளகியது. மறுபடி தட்டு விழுந்தபோது அவர் பாயவில்லை. சுண்டு விரல் அழுந்தி மோதிர விரல் வருவதற்குள், வாய் தானாகத் திறந்தது.

பாட்டு அதன் இடத்தில் எழுந்தது.

பயந்து நிறுத்திவிட்டார்.

"நான் எடுக்கலை டீச்சர்."

"தெரியும். பாடுங்க."

மறுபடியும் அதே இடம். மறுபடியும். கடைசி வரை பாடி முடித்தார். அவள் பக்கம் திரும்பினார்.

"தூங்க வைக்கிறார்னுதானே நினைச்சேன்... எனக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்னு அப்பாவுக்குத் தெரியுமா, டீச்சர்?"

"தெரிஞ்சிருந்தா பாடம் நடத்தியிருப்பார், ஐயா" என்றாள் பூரணி. "நீங்களும் மறந்திருப்பீங்க."